ஒற்று

பதிப்பகத்தில் பிழை திருத்தும் அவளுக்கு, கம்ப்யூட்டரே திருத்திவிடும் என்று யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும்.

"ஒற்று எங்க வரணும்னு அதுக்கு என்ன தெரியும்?" என்று இணையக் குழுவில் விளாசுவாள்.

'எழுத்தாணி' என்ற பெயரில் வரும் ஒருவன் மட்டும், "சரியாச் சொன்னீங்கக்கா" என்று ஓடி வருவான். கூடவே தினமும் பத்து வாக்கியம் அனுப்பிச் சந்தேகம் கேட்பான்.

கூடப்பிறக்காத தம்பி என்று அவளும் இரண்டு வருடம் சலிக்காமல் திருத்திக் கொடுத்தாள். "ஏன் ராசா, அந்த ஒற்றை எந்தப் பஸ்ல விட்டுட்டு வந்தே?"

இன்று முதலாளி புது மென்பொருள் ஒன்றைத் திறந்து காட்டினார். "இனிமே பிழையெல்லாம் இதுவே பாத்துக்கும்மா."

"அதோட லட்சணத்தைப் பாத்துடுவோம் சார்" என்றவள், வேண்டுமென்றே ஒற்றை விட்டுவிட்டு, 'எனக்கு தம்பி உண்டு' என்று தட்டினாள்.

திரை கேட்டது: "ஏன் ராசா, அந்த ஒற்றை எந்தப் பஸ்ல விட்டுட்டு வந்தே?"