அட்டைப்படத்துக் கார்டிகன்

"இதுல யாரு மாப்பிள்ளை, யாரு பொண்ணு?"

ஷெர்லி கேட்டதும் தேவாலயக் கூடத்தில் பின்னல் குழுப் பெண்களின் ஊசிகள் நின்றன, சிரிப்பு எழுந்தது.

அது 1998. மெல்பர்னிலிருந்து வந்திருந்த பின்னல் புத்தகம் கைமாறிக்கொண்டிருந்தது. அட்டையில் இரண்டு இளைஞர்கள். வெளிர் ரோஜா நிறத்தில், பூவேலையும் முத்துப் பொத்தானுமாய், முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டரான கார்டிகனை அணிந்தவன், மற்றவன் தோளில் சாய்ந்திருந்தான்.

"போன வருஷம் வரைக்கும் நம்ம டாஸ்மேனியாவுல இதுக்கு ஜெயிலு. இப்ப என்னடான்னா அட்டைப்படம்!" என்றாள் இன்னொருத்தி.

நோலீன் கையிலிருந்த கேக்கைப் பிட்டுக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. அடுத்த மாதம் அவளுடைய அறுபதாவது பிறந்தநாள் விருந்து இதே கூடத்தில்தான். பல வருடங்களாக ஊர்ப்பக்கமே தலைகாட்டாத மகன் ராஸ் வருகிறான். தன்னோடு வாழும் டேமியனையும் அழைத்து வருகிறான்.

குழுத் தலைவி மெர்ல் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை வெடுக்கென்று எடுத்துத் தன் பைக்குள் திணித்தாள்.

"இது இங்க கிடக்க வேணாம். சிரிச்சது போதும், வேலையைப் பாருங்கடி."

மெர்ல் முகம் சுளித்தால் ஊரே சுளிக்கும். அது நோலீனுக்குத் தெரியும்.

வீடு திரும்பியதும் தொலைபேசியை எடுத்தாள். 'இந்தத் தடவை நீ மட்டும் வாப்பா.' மகனிடம் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். முதல் எண்ணை அழுத்துவதற்குள் கதவு தட்டப்பட்டது.

மெர்ல்.

"விருந்துக்கு ராஸ் வர்றானாமே?"

"ஆமா."

"தனியாவா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. நோலீன் அதை விழுங்கினாள்.

"இல்ல. டேமியனும் வர்றான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வாழறாங்க. உனக்குப் பிடிக்கலேன்னா நீ வர வேணாம், மெர்ல்."

"அடேங்கப்பா! இவ்வளவு நாளா இந்தக் குரலை எங்கடி வச்சிருந்தே?"

மெர்ல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து அந்தப் புத்தகத்தையும் ரோஜா நிற நூல்கண்டுகளையும் மேசைமேல் எடுத்து வைத்தாள்.

"நம்ம கூட்டத்துல யார் வீட்டுக்கு மருமக வந்தாலும், மாப்பிள்ளை வந்தாலும் முதல் ஸ்வெட்டர் என் கையாலதானே? இந்தப் பூவேலை லேசுல முடியாது. இன்னிக்கே ஆரம்பிச்சாத்தான் உண்டு. ராஸோட அளவு எனக்குத் தெரியும். போனைப் போட்டு, மாப்பிள்ளைக்கு மார்பளவு எவ்வளவுன்னு கேளு."