ஏரி நடுவே கூட்டம்

கொரிய உருக்குக் கம்பெனியின் இரும்பு எங்கே இருந்தாலும் அங்கே பேசுவதெல்லாம் மேலிடத்துக்குப் போய்விடும் என்பது ஒரகடத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் வேலைநிறுத்தம் பற்றிப் பேச, சங்கத் தலைவர் கோதண்டம் காய்ந்த ஏரியின் நடுவே கூட்டம் போட்டார். வண்டி, சாவி, டிபன் பாக்ஸ், பெல்ட் எல்லாவற்றையும் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

“அப்படியும் போன கூட்டத்துல பேசினது மறுநாளே மேனேஜருக்குத் தெரிஞ்சிருக்கு. எவன்டா அந்தக் கருங்காலி?” என்று கோதண்டம் ஒவ்வொரு முகமாக முறைத்தார்.

கிரேன் ஓட்டும் பூங்காவனம் மெல்லக் கேட்டாள்: “அண்ணே, கால் ஒடஞ்சப்ப கம்பெனி ஆஸ்பத்திரியில உங்களுக்குத் தகடு வெச்சாங்களே, அது யாரோட இரும்பு?”

பதிலுக்குக் காத்திராமல் ஒவ்வொருவராக எழுந்து கரையைப் பார்த்து நடந்தார்கள். “நில்லுங்க” என்று கூப்பிட வாயெடுத்த கோதண்டம், தன் முழங்காலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.