மலையில் காய்ச்சிய பால்

பால் பொங்கி வழியட்டும் என்று நாகம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

புதுப்பானை இல்லை. கரிப்பிடித்த அலுமினியச் சட்டிதான். பால் மட்டும் நல்ல பால். பங்களா மாட்டைக் கறந்தவளே அவள்தானே, யாரைக் கேட்க வேண்டும்?

பங்களாவுக்குப் பின்னால் இருந்த அந்த விறகுக் கொட்டகையை விடியும்போதே சாணி போட்டு மெழுகிவிட்டாள். வாசலில் கோலம். மாவிலை கிடைக்காததால் ஆரஞ்சு இலையில் தோரணம். சுவரோரம் வரிசையாகக் குழி தோண்டி, பரங்கி விதை போட்டுத் தண்ணீரும் ஊற்றியாயிற்று.

"இது அவங்க கொட்டாய்டி" என்றான் அவள் புருஷன் வீரையன். பயத்தில் நடுங்கினானா, குளிரிலா என்று சொல்ல முடியாது.

சித்திரை பிறந்தால் பண்ணையார் குடும்பம் தஞ்சாவூர் வெயிலுக்குப் பயந்து இந்த மலைத்தோட்டத்துக்கு ஏறிவிடும். பண்ணையாட்களை ஒருநாளும் கூட்டி வந்ததில்லை. இந்த வருஷம்தான், "பாவம், நீங்களும் கொஞ்சம் குளுகுளுன்னு இருந்துட்டு வாங்க" என்று பண்ணையாரே ஜீப்பில் ஏற்றிவிட்டார். வீரையனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நாகம்மாளுக்கு அப்போதே உறுத்தியது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இங்கே ஆடு காய்கிறதே என்று அழுதது.

விறகு பொறுக்குவது, ஊற்றுத் தண்ணீர் சுமப்பது, காயவே காயாத மெத்தைகளைத் தூக்கித் தூக்கிப் போடுவது என்று வேலை ஒன்றும் குறையவில்லை. குளிர்தான் கூடுதல்.

நேற்று அரிசி மூட்டை கொண்டுவந்த ஜீப் டிரைவர் காதர் மைதீன் சங்கதியை அவிழ்த்துவிட்டார். குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்துவிட்டதாம். திங்கட்கிழமை தாலுகா ஆபீசிலிருந்து வருகிறார்களாம். ஆள் இருக்கும் வீட்டுக்குப் பட்டா. பூட்டிக் கிடந்தால் பண்ணைக்கே.

ஊரில், வாய்க்கால் கரையில், பண்ணை மனையில் அவர்களுக்கு ஒரு குச்சு வீடு; இப்போது பூட்டிக் கிடக்கிறது. புயல் பிய்த்துப் போட்ட ஒவ்வொரு தடவையும் அவள் கையால் கீற்று வேய்ந்தது. கூலி கூட்டிக் கேட்டபோதெல்லாம் "மனையைக் காலி பண்ணு" என்ற ஒரே சொல்லில் பண்ணையார் வாயை அடைத்ததும் அந்த வீட்டை வைத்துத்தான்.

ஊருக்குப் போகிறோம் என்று நேற்றே பண்ணையார் மனைவி பிரகதாம்பாளிடம் கேட்டாள். ஆடி பிறக்காமல் யாரும் இறங்கக் கூடாது, ஜீப்பும் கிடையாது என்றுவிட்டாள் அம்மாள். நடந்து போனால் திங்கட்கிழமைக்குப் போய்ச் சேர முடியாது.

காலில் விழுந்து பார்க்கலாம் என்றான் வீரையன். தன் வீட்டுக்குப் போக எவள் காலில் விழுவது? நாகம்மாளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

பால் பொங்கியது.

நாகம்மாள் எழுந்து நின்று குலவையிட்டாள். நடவு வயலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கேட்கிற குலவை. மலை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் போட்டது.

பிரகதாம்பாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தாள். கோலத்தைப் பார்த்தாள். தோரணத்தைப் பார்த்தாள். சுவரோரக் குழிகளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"என்னடி கூத்து இது?"

"குடி வந்துட்டோங்கம்மா. ஆடி வரைக்கும் எதுக்கு, இங்கயே இருந்துக்குறோம். குடியிருக்கிறவங்களுக்குத்தான் எடம்னு சட்டம் வந்திருக்காமே? பரங்கி போட்டிருக்கேன், கொடி கூரையில ஏறிட்டா இதும் வீடுதான்."

அந்தச் சட்டம் விறகுக் கொட்டகைக்கு உண்டா என்று நாகம்மாளுக்குத் தெரியாது. பிரகதாம்பாளுக்கும் தெரியாது. ஆனால் சொத்து இருப்பவள் அவள். பயப்பட வேண்டியவளும் அவள்தான்.

"காதர்! ஜீப்பை எடு! இதுகளை இப்பவே கொண்டுபோய் ஊர்ல தள்ளிட்டு வா!"

கொண்டை ஊசி வளைவுகளில் காதர் மைதீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினார். வீரையன் மட்டும் திரும்பித் திரும்பி மலையைப் பார்த்தான்.

"அந்த வெதை மொளச்சா யாரு தண்ணி ஊத்துவா, பாவம்" என்றான்.

நாகம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மிச்சமிருந்த விதைகளில் ஒரு பிடி அவன் கையில் கொட்டினாள். தானும் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

உப்புப் போட்டுப் பொன்னாக வறுத்த விதை.

முளைக்கிற விதையை, ஆடியில் விதைப்பதற்கென்று சாணியில் பதித்து வறட்டியாகத் தட்டி, மலைக்குக் கிளம்பிய அன்றே தன் வீட்டுச் சுவரில் அறைந்துவிட்டு வந்திருந்தாள்.