டிக்கியில் இருந்தவர்

ஸ்டெப்னி டிக்கிக்குள் இருந்தது. அதை மறித்துக்கொண்டு ஒரு சாக்கு மூட்டையும் இருந்தது. பரத்வாஜின் பிரச்சினையே அதுதான்.

ராத்திரி எட்டரை மணி. கோட்டூர்புரம் பாலம் தாண்டியதும் அவருடைய ஃபியட்டின் பின் டயர் புஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது.

"அத்திம்பேர், அதோ எஸ்.டி.டி. பூத் வாசல்ல நிறுத்துங்கோ. நல்ல வெளிச்சமா இருக்கு" என்றான் பக்கத்தில் இருந்த மைத்துனன் கிச்சா.

"அசடு! டயர் போனா வெளிச்சத்துல நிறுத்தணும்கறதெல்லாம் யோக்கியனுக்கு. இன்னிக்கு நமக்கு இருட்டுதான்டா பத்திரம்" என்று பரத்வாஜ் காரை ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒதுக்கினார்.

கல்லூரியில் சட்டம் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியர் பேசுகிற பேச்சா இது? அடுத்த மாதம் மகள் ஷ்ரேயாவுக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் மாட்டிக்கொண்டால் சம்பந்தி வீட்டுக்காரர்கள் சும்மா விடுவார்களா?

"தூக்கினப்போ யாரும் பார்க்கலையே?"

"ஈ, காக்கா இல்லை. ஆனா என்ன கனம் அத்திம்பேர்! இடுப்பே விட்டுப் போச்சு."

"மெதுவாப் பேசு. மூட்டையைச் சட்டுனு பின் சீட்டுக்கு மாத்திட்டு, டயரைக் கழட்டுவோம்."

இருவரும் இறங்கியதுதான் தாமதம், பின்னால் சைக்கிள் மணி அடித்தது.

"இன்னா சார், பஞ்சரா?"

காக்கிச் சட்டை! ரோந்து வந்த ஏட்டு கதிரேசன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.

"சின்னப் பஞ்சர்தான். நாங்களே பார்த்துக்கறோம். நீங்க கிளம்புங்கோ" என்றார் பரத்வாஜ்.

"இருட்டுல வண்டிய நிறுத்திக்கினு இன்னாத்தப் பாப்பீங்க? எவனாவது லாரிக்காரன் வந்து தூக்கிடுவான் சார். மொதல்ல பார்க்கிங் லைட்டப் போடுங்க. ஹேண்ட் பிரேக்க இழுங்க. அப்படியே ஒரு கல்லு எடுங்க."

"க... கல்லா? எந்தக் கல்லு?" கிச்சா டிக்கியை மறைத்துக்கொண்டு நின்றான்.

"சக்கரத்துக்கு அணை குடுக்க நைனா. ஜாக்கி போட சொல்ல வண்டி உருளக் கூடாதில்ல?" ஓரமாகக் கிடந்த ஒரு கருங்கல்லை ஏட்டே எடுத்து முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். "ஆங், இப்ப டிக்கியத் தொறங்க."

"சாவியைக் காணோம்" என்றார் பரத்வாஜ்.

"கைலயே கீதே சார்!"

வேறு வழி? டிக்கி திறந்தது. ஏட்டு டார்ச் அடித்தார். மூட்டையை நகர்த்தப் பார்த்தார். அசையவில்லை. மேலாகத் தடவினார். ஒரு கை தட்டுப்பட்டது. ஒரு கால். அப்புறம் பெரிய தொப்பை. ஏட்டின் முகமே மாறிவிட்டது.

"யோவ்... யார்யா இது?"

ஏட்டு கயிற்றை அவிழ்த்தார். சாக்குக்குள்ளிருந்து ஒரு தும்பிக்கை எட்டிப் பார்த்தது.

"அட, புள்ளையாரு! எங்கேந்துய்யா சுட்டுக்கினு வந்தீங்க?"

"ஈக்காட்டுத்தாங்கல்ல... மூடிக் கிடக்கற ஒரு பட்டறை வாசல்லேர்ந்து." பரத்வாஜுக்கு அழுகையே வந்துவிட்டது. "அபிராமபுரத்துல எங்க ஃபிளாட்ஸ்ல சின்னதா ஒரு கோயில் கட்டியிருக்கோம். விலைக்கு வாங்கற பிள்ளையாரைவிட, திருடிண்டு வந்து வைக்கற பிள்ளையாருக்குத்தான் சக்தி ஜாஸ்தின்னு எல்லாரும் சொன்னா. நான் செகரெட்டரி, என் தலையில கட்டிட்டா. பொண்ணு கல்யாணம் நெருங்கறது, விட்டுடுங்கோ!"

"சாமியா இருந்தா இன்னா? திருட்டு திருட்டுதான். மூணு வருஷம் உள்ள போடலாம், தெரியும்ல?"

தெரியாமல் என்ன? வருஷா வருஷம் அவர் நடத்துகிற பாடமாயிற்றே!

ஸ்டெப்னி மாட்டி முடிந்ததும் ஏட்டு தன் சைக்கிளை மரத்தடியில் பூட்டிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். "வண்டிய ஸ்டேஷனுக்கு விடுங்க."

ஸ்டேஷன் வாசலில் பரத்வாஜும் கிச்சாவும் மூச்சு வாங்க மூட்டையை இறக்கினார்கள். இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். ஏட்டு அவர் காதில் ஏதோ சொன்னார். விலங்கு வரப்போகிறது என்று பரத்வாஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மெல்லக் கண்ணைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கேஸெல்லாம் வேண்டாம். பிள்ளையாரை வெச்சுட்டுக் கிளம்புங்க" என்றார்.

"எ... எங்கே சார் வைக்கணும்?"

ஏட்டு டார்ச்சைத் திருப்பி அடித்தார். வேப்பமரத்தடியில், பளபளவென்று டைல்ஸ் பதித்த புதுக் கோயில். உள்ளே வெறும் பீடம்.

"ஆறு மாசமா காலியாத்தான் கீது சார். எங்களுக்கும் திருட்டுப் புள்ளையார்தான் வேணும். அதுக்காகப் போலீஸ்காரனே போய்த் திருடினா நல்லாவா இருக்கும்?"