குறிப்பில் இல்லாத ஆறு

பையை மடியிலிருந்து இறக்காமலே ஹெர்மினியா உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே ஆய்வுக் குழுவின் அறிக்கை இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஐந்து கையெழுத்துகள். நான்காவது அவளுடையது.

எதிரே அவள் அப்பா எபிஃபானியோ வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். எண்பத்தொரு வயது. நாற்பது வருடங்களாக ஞாயிறு மாலைகளில் அவர் போகிற இடம் ஒன்றுதான்.

புத்துவான் நகரைத் தாண்டி, ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு சிலுவை நிற்கிறது. வருகிறவர்களிடம் அவர் சொல்வார். பிலிப்பைன்ஸ் மண்ணின் முதல் திருப்பலி, முதல் கிறிஸ்தவப் பூசை, இங்கேதான் நடந்தது. 1521, உயிர்ப்பு ஞாயிறு.

லிமசாவா தீவுக்காரர்கள் தங்கள் கரையில்தான் நடந்தது என்பார்கள்.

அப்பா சொல்வதே சரி என்று காட்டத்தான் அவள் இத்தாலிய மொழி கற்றாள். திருப்பலி நடத்தியவர்களின் ஸ்பானியக் கப்பல்களில் வந்த இத்தாலியர் ஒருவர் நேரில் கண்டதை எழுதிவைத்திருந்தார்.

அதைப் படித்தாள். பதினொரு வருடம்.

“அறிக்கையில எந்த ஊரு, ஹெர்மினியா?” என்றார் அப்பா, பொத்தானைப் பார்த்தபடி.

“லிமசாவா.”

அவர் கை நின்றது.

“அந்த மனுஷன் எல்லாத்தையும் எழுதியிருக்கார்ப்பா. சாப்பிட்ட மீன், குடிச்ச கள்ளு, ராஜா காதில கிடந்த தங்கம். ஏழு நாள் தங்கியிருக்காங்க. இங்க வந்திருந்தா இவ்வளவு பெரிய ஆத்த விட்டிருப்பாரா? அதப் பத்தி மட்டும் இல்ல. ஒரு வரிகூட இல்ல.”

தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

“எனக்கும் தென்படலம்மா. இங்கிலீஷ் புத்தகத்தில நாலு தடவ தேடினேன். நீ மூலத்தைப் படிச்சா கிடைக்கும்னு இருந்தேன்.”

அவளுக்குக் கோபம் வந்தது. எழுந்து ஜன்னல் வரை போனாள். பிறகு திரும்பி வந்து, அவர் போடாமல் விட்ட பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

“இன்னிக்கு நான் போய்ச் சொல்லட்டுமா?”

“வேண்டாம். இத்தனை நாள் சொன்னது நான்தானே.”

சிலுவையடியில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றார்.

“முதல் பூசை இங்க நடக்கல. லிமசாவாவில நடந்துது. நான் தப்பாச் சொல்லிட்டு இருந்தேன்.”

படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் கைபேசியை இறக்கினார். இரண்டு பேர் நடையைக் கட்டினார்கள். மற்றவர்கள் போகவும் இல்லை, நெருங்கவும் இல்லை.

ஒரு பெண் மட்டும் முன்னால் வந்தாள். சுரிகாவோவிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தவள். கடலுக்குப் போன கணவன் ஒன்பது நாளாகத் திரும்பவில்லை என்று சிலுவைக்கு நடந்து வரும் வழியில் ஹெர்மினியாவிடம் சொல்லியிருந்தாள்.

கையில் மெழுகுவர்த்தி.

“அப்ப இங்க ஏத்தக் கூடாதாய்யா?”

அவர் மகளைப் பார்த்தார்.

எல்லோரும் ஹெர்மினியாவைப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் பதிலுக்காக நிற்கவில்லை. குந்தி உட்கார்ந்து தீக்குச்சியை உரசினாள். கடல்காற்று அணைத்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது.

பெட்டியில் மூன்று குச்சிகள்தான் மிச்சம்.

ஹெர்மினியா ஈர மணலில் மண்டியிட்டாள். காற்றுக்கு முதுகைக் காட்டி, திரியைச் சுற்றி இரண்டு கைகளையும் குவித்தாள்.

“இப்பப் பத்த வையுங்க.”