ஐந்தாவது இடம்

“அங்கிள், விண்ணப்பத்தில திரும்பவும் காணி எல்லை வரைபடம் இல்லை. இது மூண்டாந்தரம் சொல்லுறன்.”

“அப்பிடியா பிள்ளை? வைச்சனான் எண்டெல்லோ நினைச்சன்.”

“வைக்கேல்லை. போன கிழமை பதினோராம் கேள்விக்குப் பதில் இல்லை எண்டன். அதை எழுதிப்போட்டு இதை எடுத்திட்டீங்கள்.”

“வயசு போச்சு.”

“இண்டைக்கு ஐஞ்சு மணியோட முடியுது. வரைபடம் இல்லாட்டி உங்கட விண்ணப்பத்தை நிராகரிச்சுப்போடுவினம். ஸ்கான் பண்ணி அனுப்பேலுமே?”

“ஸ்கானர் பழுது.”

“போனில ஒரு படமாவது எடுத்து...”

“பாக்கிறன் பிள்ளை.” சண்முகராசா போனை வைத்துவிட்டார்.

பெனிற்றா போனை மேசையில் போட்டாள்.

எதிர் மேசையில் விவேக் சிரித்தான். “உங்க ஊர்க்காரருக்கு ஒரு ஃபார்ம் நிரப்பத் தெரியாதா?”

“வாயைக் கிளறாதீங்கோ, விவேக்.”

ஈரநிலத்தை இனி எந்தக் காலத்திலும் வற்றவைப்பதில்லை, வீடு கட்டுவதில்லை என்று காணிக்காரர் எழுதிக்கொடுத்தால் பெனிற்றா வேலைசெய்யும் அறக்கட்டளை பணம் கொடுக்கும். இந்த ஆண்டு பதினான்கு விண்ணப்பங்கள். பணம் ஐந்து பேருக்குத்தான். தற்காலிகப் பட்டியலில் சண்முகராசாவின் எசெக்ஸ் காணி ஐந்தாவது.

அங்கே முழங்கால்வரை சேற்றில் நின்று காணியை மதிப்பிட்டுப் புள்ளி போட்டு, அதே காற்சட்டையோடு ரயிலேறி லண்டன் ஆர்ச்வே அலுவலகத்துக்கு வந்தவள் பெனிற்றா. தமிழருக்குச் சலுகை காட்டினாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதென்று அந்தப் புள்ளிகளை இரண்டு முறை கூட்டிப் பார்த்திருந்தாள். ஒரு தாளால் எல்லாம் வீண்.

நாலரைக்கு எழுந்து வராந்தாவுக்குப் போய் மறுபடி அழைத்தாள்.

“அங்கிள், உங்களுக்கு இது வேணுமா, வேண்டாமா?”

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம். குரல் தணிந்தது.

“பிள்ளை, நீங்கள் அனுப்பின பட்டியல்ல நான் ஐஞ்சு. பக்கத்துக் காணிக்காரி ஹேசல் ஆறாவது. சரிதானே?”

“ஓம்.”

“இந்தமுறை கிடைக்காட்டி அவ வீடு கட்டிறவங்களுக்கு வித்துப்போடுவா. மனுசி தனிய. வேற வழியில்லை. என்ர காணி எங்கயும் போகாது. நான் அடுத்த வருசம் வாறன்.”

“அப்ப விலகிறன் எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோவன்! ஏன் என்னைப் போட்டு வதைக்கிறீங்கள்?”

“காணி ரெண்டு பேற்ற பேரிலயும் இருக்கு, அதுக்கு மகன்ர கையெழுத்தும் வேணும். றஜீவ் விடுவானே? ஹேசலுக்குத் தெரிஞ்சாலோ, அவ காசை வாங்கவே மாட்டா. ரோசக்காரி. ஸ்ட்ரெதத்தில எங்கட சனத்துக்கு இருபது வருசமா கவுன்சில் ஃபோம் நிரப்பிக் குடுத்தனான் பிள்ளை. எந்தத் தாள் இல்லாட்டித் திருப்பி அனுப்புவாங்கள் எண்டு எனக்குத் தெரியாதே?”

அவள் திரும்பி வந்தபோது விவேக் கைதட்டிக் கூப்பிட்டான்.

“பெனிற்றா, உங்க பெரியவரோட வரைபடம் நிலப்பதிவுல கிடைச்சிடுச்சு. நாமளே சேர்த்துக்கலாம்னு விதியில இருக்கு. நீங்க செஞ்சா ஊர்ப்பாசம்னு சொல்வாங்க. நான் செஞ்சா யாரும் கேட்க மாட்டாங்க. பிரிண்ட் குடுத்துட்டேன், எடுத்து ஃபைல்ல வெச்சிடுங்க. அஞ்சு மணிக்கு ஃபைலெல்லாம் தேர்வுக் குழுவுக்குப் போயிடும்.”

அச்சு இயந்திரம் மூலையில் இருந்தது. சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

“என்ன ஆச்சு?” விவேக் இருந்த இடத்திலிருந்தே கேட்டான்.

“தாள் முடிஞ்சுது.”

“அங்க கீழ எங்கயாவது ஒரு கட்டு கிடக்கும், பாருங்க.”

“ஒண்டையும் காணேல்லை,” என்றபடி, பிரிக்காத தாள்கட்டைக் காலால் இயந்திரத்தின் அடியில் தள்ளினாள்.