வாயில் ஒரு முட்டை

மேகம் கறுத்துவிட்டது. மழை வருவதற்குள் எறும்புகள் புற்றை மாற்றியாக வேண்டும். போன மழைக்கும் கூட்டம் போட்டார்கள். தலைவரின் வரவேற்புரை முடிவதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது.

இந்த முறை புதுத் தலைவி. "ஆளுக்கொரு முட்டையைக் கவ்விக்கிட்டு கூட்டத்துக்கு வாங்க. பேசணும்னா முட்டையைக் கீழே வெச்சிட்டுப் பேசுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

கூட்டத்தில் சத்தமே இல்லை. ஒருத்தி மட்டும் முட்டையை மெல்ல இறக்கினாள்.

"அக்கா, மேட்டு வழியில ஓணான் படுத்திருக்கு. வேலியோரமாப் போயிடலாம்."

"சரி, வேலியோரம். நீயே முன்னால போ."

எல்லோரும் கிளம்பினார்கள். பழைய தலைவர் அவசரமாகத் தன் முட்டையை இறக்கினார்.

"என்னம்மா இது, நன்றியுரை யாரு சொல்றது?"

தலைவி அவர் இறக்கிய முட்டையைக் கவ்விக்கொண்டு நடந்தாள்.